அர்ஜெண்டினாவில் தங்கிப்போனவர்கள்

1

கொழும்புக் கோட்டையில் ஓர் அலுவலகம், பெயர் வேண்டாம். போன வாரம் என் மகள் ரொசலினோடு அங்கே கவுன்ட்டருக்கு முன்னால் நின்றேன். எங்கள் மூத்தவன் அந்தோணிக்குத் தூத்துக்குடியில் கலியாணம் நிச்சயமாகியிருக்கிறது. பெற்றவள் போய் நிற்க வேண்டாமா? போய்வர அனுமதி கேட்கத்தான் போயிருந்தோம்.

கம்பிக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா சின்ன வயதுக்காரர். என் தாள்களைப் புரட்டிவிட்டு, "இந்தியாவட கியாத, அம்மே?" என்றார். இங்கே வந்த பிறகு இந்தியாவுக்குப் போனதுண்டா என்று கேட்கிறார். எனக்குச் சிங்களம் காது வரைக்கும்தான் வரும், வாய்க்கு வராது. ரொசலின் எனக்குப் பதிலாக "நே" என்றாள்.

இல்லை என்ற அந்த ஒரு சொல்லோடு விட்டிருக்கலாம். என் வாய் சும்மா இருக்கவில்லை. "போகணும்னு இருந்தோம் தம்பி. அந்த செஸ் டோர்னமெண்ட் நடந்த வருஷம்" என்று சொல்லிவிட்டேன்.

குமாஸ்தாவுக்கு 'செஸ்' மட்டும் விளங்கியது. ரொசலினைப் பார்த்தார். அவள் என் கையை அழுத்தி, "அம்மா, தேவையில்லாததக் கதைக்காதீங்க" என்றாள்.

பிறகு அவர்கள் இரண்டு பேரும் என் காதுக்கு எட்டாத வேகத்தில் சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். வெளியே வந்து, துறைமுகக் காற்று அடிக்கும் இடத்தில் நிறுத்தி, ரொசலின் விவரம் சொன்னாள். நாங்கள் இந்தத் தீவிலேயே நிரந்தரமாகக் குடியிருக்கிறவர்கள் என்று எழுதிக் கொடுத்திருக்கிறோம். அது இன்னும் தீர்மானமாகவில்லை. இப்போது நான் கடல் தாண்டினால் அது அப்படியே விழுந்துவிடும். திரும்பி வர அந்தப் பக்கத்திலிருந்து புதிதாக அனுமதி கேட்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம்.

"போக வேண்டாம்னு சொல்லேல்ல அம்மா. போனா திரும்பி வாறதுக்கு அவர் பொறுப்பில்லையாம்" என்றாள்.

கொட்டாஞ்சேனைக்குத் திரும்பும் டிராமில் நான் அந்த வருஷத்தையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஊரில் இதைப் படிக்கிற நீங்கள், 'கொழும்பில் இருந்தவளுக்கு இத்தனை வருஷம் ஒரு எட்டு வந்து போக மனமில்லையா' என்று கேட்கிறீர்கள். என் நாத்தனார் கேட்டே விட்டாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

2

என் வீட்டுக்காரர் செபஸ்தியான் துறைமுகத்துப் பட்டறையில் பிட்டர். பாரந்தூக்கி யந்திரங்களைப் பழுது பார்க்கிற வேலை. அந்தோணி எங்கள் ஊரில் பிறந்தவன். கைக்குழந்தையோடு கப்பலேறி வந்தேன். ரொசலின் இங்கே பிறந்தவள். அந்தோணிக்குப் பன்னிரண்டு வயதானபோது, சாமியார்மார் பள்ளியில் படிக்கட்டும் என்று என் அண்ணன் வந்து தூத்துக்குடிக்குக் கூட்டிப்போனார். வருஷத்துக்கு ஒரு தடவை நான் போய்ப் பார்ப்பது என்று ஏற்பாடு.

அதற்குள் என் வீட்டுக்காரர் யந்திரத்தின் ஏணியிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டோடு வீட்டுக்கு வந்தார். எங்கள் வீடு கோயிலுக்குப் பின்னால் ஒரு சந்தில் இரண்டு அறை. முன்னறையில் கட்டிலைப் போட்டால் கதவு பாதிதான் திறக்கும். அந்தப் பாதிக் கதவு வழியாகத்தான் நாங்கள் பல மாதம் போய் வந்தோம்.

அவருக்குச் சதுரங்கம் உயிர். போலந்துக்காரரான ஒரு கப்பல் என்ஜினியரிடம் கற்றுக்கொண்டது. கொதிகலன் பழுதாகி அந்தக் கப்பல் இங்கே நின்ற நாட்களில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் இரண்டு பேரும் பட்டறைத் தரையில் கட்டம் கீறி விளையாடியிருக்கிறார்கள். அதன் பிறகு சனிக்கிழமைகளில் கோட்டையில் ஒரு வாசகசாலைக்குப் போய் ஆடிவிட்டு வருவார். அந்தச் சனிக்கிழமையும் இப்போது இல்லை. மல்லாந்து கிடந்து கூரை ஓடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஓட்டில் எத்தனை பல்லி என்று என்னிடம் சொல்வார்.

அந்த ஆகஸ்டில் அர்ஜெண்டினாவில் பல தேசத்து ஆட்டக்காரர்கள் கூடினார்கள். தேசத்துக்கு ஓர் அணி. ஐரோப்பாவில் இருந்து கப்பலில் வாரக்கணக்காகப் பயணம் செய்து போய்ச் சேர்ந்தார்களாம். இங்கிலாந்து அணியும் போயிருந்ததால் கொழும்புப் பத்திரிகை அக்கறையாகப் போட்டது. சில நாள் முடிவு மட்டும், சில நாள் ஒரு முழு ஆட்டம்.

"பிலோமி, பலகையை எடு" என்றார் அவர்.

டிரங்குப் பெட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப்போட்டு அதன்மேல் பலகையை வைத்தேன். அவரால் ஒருக்களிக்க முடியாது. தலையணையை உயர்த்தினாலும் பலகையின் ஒரு பக்கம்தான் தெரியும். ஆகவே நான் வாசித்து, நான் நகர்த்தி, எது எங்கே நிற்கிறது என்று அவருக்குச் சொல்ல வேண்டும். கன்னியர் மடத்தில் படித்த என் இங்கிலீஷ் முதல் தடவையாக உபயோகப்பட்டது.

குதிரை, யானை, சிப்பாய் எல்லாம் சரி. குறுக்கே போகிற காய்க்கு இங்கிலீஷில் பிஷப் என்று பெயர். நாங்கள் வேதக்காரர்கள், அதனால் அவர் அதை மேற்றிராணியார் என்றுதான் சொல்வார். ஒரு நாள் பங்குச் சாமியார் நோயாளியைப் பார்க்க வந்து, பாதிக் கதவுக்கு வெளியே நின்று, நான் உரக்க வாசிப்பதைக் கேட்டுவிட்டார்: "இங்கே சிப்பாய் வந்து மேற்றிராணியாரை வெட்டிட்டான்." சாமியார் உள்ளே வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

3

பத்திரிகை நாங்கள் வாங்குவதில்லை. பின்சுவருக்கு அப்பால் ஜெயினம்பு ராத்தா வீடு. அவருடைய மாப்பிள்ளை, கணவரை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள், கப்பல்களுக்கு மரக்கறியும் இறைச்சியும் சப்ளை செய்கிறவர். அவர் வாசித்துவிட்டுக் கடைக்குப் போனதும் ராத்தா பத்திரிகையைச் சுவருக்கு மேலால் நீட்டுவார். ராத்தா தனியாக வெளியே போகிறவர் இல்லை. கிராண்ட்பாஸில் தாய்வீடு, நடந்தே போகலாம், ஆனால் மாப்பிள்ளை கூட வந்தால்தான். என்னைவிட மூத்தவர், அதனால் எனக்கு ராத்தா, அதாவது அக்கா. என்னை 'தங்கச்சி' என்பார்.

என்னத்துக்கு இந்தப் பத்திரிகை அவசரம் என்று முதலில் கேட்டார். சொன்னேன். மறுநாள் சுவருக்கு மேலால் தலையை நீட்டி, "அதுல ஆக லேசான அணி எது?" என்றார்.

"ஐஸ்லாந்துன்னு ஒண்ணு இருக்கு ராத்தா."

"ஐஸ் மட்டுமா ஈக்கும் அங்க? அப்ப அது என்ட அணி."

என் வீட்டுக்காரருக்குப் போலந்து. எனக்கு முதலில் ஒன்றும் இல்லை. பிறகு, பக்கத்திலேயே பெண்களுக்கும் தனியாக ஒரு பந்தயம் நடக்கிறது என்று நாலே வரி போட்டிருந்தார்கள். அதை இரண்டு தடவை படித்தேன். பெண்பிள்ளைகள் கப்பலேறிப் போய், உட்கார்ந்து, காய் நகர்த்துகிறார்கள். ராத்தாவிடம் சொன்னேன். "அவங்கட பிள்ளைகள யாரு பாக்கிற?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து பெண்கள் பந்தயம் எனக்கு. அதைப் பத்திரிகைக்காரர்கள் நினைத்தால் போடுவார்கள், இல்லாவிட்டால் இல்லை.

சமையல் முடிந்ததும் பலகையைத் திறப்போம். ரொசலின் பள்ளிவிட்டு வந்து நான் வாசிப்பதைத் திருத்துவாள். "க்னைட் இல்லம்மா, நைட்" என்பாள். அவளுக்குக் கே எழுத்து மௌனம் என்று தெரியும். எனக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. என் தமிழும் அவளுக்குச் சிரிப்பு. எனக்கோ என் தமிழே மாறிக்கொண்டிருந்தது தெரியவில்லை. 'ரொசலினுக்குப் பக்கத்து வீட்டு மல்லியோடு ஓயாத சண்டை' என்று ஊருக்கு எழுதியிருந்தேன். இங்கே தம்பிப்பயலை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். கொத்துமல்லியோடு என்ன சண்டை என்று என் அண்ணி பதில் எழுதினாள்.

4

ஆட்டம் சூடு பிடித்த அதே வாரத்தில் சில்வா மாத்தயா வந்தார். துறைமுக இலாகாவில் பெரிய குமாஸ்தா, இங்கே ஐயாவை மாத்தயா என்பார்கள். என் வீட்டுக்காரர்மேல் பிரியம் உள்ளவர், தமிழும் கொஞ்சம் பேசுவார். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

இந்தியாவில் இருந்து வந்த நாட்கூலி ஆட்களைக் குறைக்கப்போகிறார்கள். ஒரு கெடுவுக்குள் தாமாக விலகுகிறவர்களுக்கு ஊர் போகக் குடும்பத்தோடு டிக்கெட். ஒரு நிபந்தனை, திரும்பி வரக்கூடாது.

"வர மாட்டேன்னு எழுதி வைக்கணுமா?" என்று கேட்டார் அவர்.

"ஓவ். சைன் பண்ணணும்."

"பண்ணலன்னா?"

"இந்தக் கால் இப்படி இருந்தா, செபஸ்தியான், டாக்டர்மார் வந்து பாப்பாங்க. வேலைக்கு ஆகாதுன்னு எழுதினா, அப்ப டிக்கெட்டும் இல்ல."

மாத்தயா போன பிறகு நாங்கள் மூன்று பேரும் பேசினோம். எனக்கு யோசிக்க ஒன்றுமில்லை. அந்தோணி அங்கே இருக்கிறான். கூலிக்காரர்கள் யாரும் இனி இலங்கைக்குப் போகக்கூடாது என்று அந்தப் பக்கத்திலும் சட்டம் வந்துவிட்டது என்று சொன்னார்கள். நாளைக்கு அவன் வர நினைத்தாலும் விடுவார்களா தெரியாது. நாம் போனால் நாலு பேரும் ஓரிடத்தில் இருக்கலாம்.

ரொசலின் கதவுச் சட்டத்தில் சாய்ந்துகொண்டு, "நான் வரமாட்டன்" என்றாள். "எனக்கு அங்க ஒருத்தரையும் தெரியாது. என்ட ஸ்கூல் இங்க."

"உன் அண்ணன் இருக்கானே."

"அண்ணா இஞ்ச வரட்டும்."

நான் அவரைப் பார்த்தேன். அவர் ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். "டோர்னமெண்ட் முடியட்டும்" என்றார்.

எனக்கு வந்த கோபம் இன்னும் நினைவிருக்கிறது. குடும்பம் எந்தக் கரையில் வாழ்வது என்று கேட்டால், முன்பின் தெரியாத மனிதர்கள் உலகத்தின் அந்த மூலையில் காய் நகர்த்தி முடிக்கட்டும் என்கிறார். அன்றைக்குப் பலகையை நான் திறக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. மறுநாள் ராத்தா பத்திரிகையை நீட்டியபோது வாங்கி, அடுப்படியில் வைத்து, முதலில் நானே படித்தேன். கோபத்தோடேதான் படித்தேன். போலந்து முன்னால் நின்றது. என்னால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

5

செப்டம்பர் பிறந்ததும் சண்டை மூண்டது. முதலில் அடி வாங்கியது போலந்து. பத்திரிகையின் முதல் பக்கத்தில் அந்த ஊர்கள் எரிந்துகொண்டிருந்தன. உள்ளே, ஒரு மூலையில், போலந்து அணி அன்றைக்கும் வென்றிருந்தது.

அவர் என்னை அதைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். "வீடு எரியுது, உக்காந்து ஆடுதாவ பாரு" என்றார்.

"வேற என்ன செய்யச் சொல்லுதீங்க? நீந்தியா போக முடியும்?" என்றேன்.

கண்ணோரத்தில் இருந்து காதுக்கு நீர் வழிந்தது. மல்லாந்து கிடக்கிறவர் அழுதால் அப்படித்தான். நான் துடைத்துவிட்டேன்.

இங்கிலாந்து அணி பாதியில் கப்பலேறி ஊருக்குத் திரும்பியது. அதோடு எங்கள் பத்திரிகையும் அர்ஜெண்டினாவை விட்டுவிட்டது. சொந்த அணி இல்லாத பந்தயத்தை யார் போடுவார்கள்? தினமும் ராத்தா நீட்டினார், தினமும் நான் தேடினேன். இருட்டடிப்பு உத்தரவு, அரிசி விஷயம், கப்பல் மூழ்கிய செய்தி. சதுரங்கம் இல்லை.

அவர் சாப்பாட்டைக் குறைத்தார். பலகையில் கடைசி ஆட்டம் பாதியில் அப்படியே நின்றது, என்னைத் தூசி தட்டவும் விடவில்லை. சில்வா மாத்தயா இரண்டாம் தடவை வந்தார். சண்டையால் கெடுவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதிகம் இல்லை என்றார். இவர் தலையை மட்டும் அசைத்தார்.

ஒரு சனிக்கிழமை நான் சேலையை மாற்றிக்கொண்டு, ராத்தாவிடம் சுவருக்கு மேலால் அவர்மேல் ஒரு காது வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கோட்டைக்குப் போனேன். அதற்கு முன் நான் தனியாகக் கோட்டைக்குப் போனதில்லை. வாசகசாலை மாடியில் ஆண்கள்தான் இருந்தார்கள். நான் படியேறி நின்றதும் பேச்சு நின்றது. மேசைக்குப் பின்னால் இருந்த பறங்கிக் கனவான் எழுந்து, "யெஸ், மேடம்?" என்றார். நான் மனப்பாடம் செய்து வந்த இங்கிலீஷைச் சொன்னேன்: அர்ஜெண்டினாவில் யார் ஜெயித்தார்கள் என்று தயவுசெய்து சொல்ல முடியுமா?

யாரோ சிரித்தார்கள். கனவான் சிரிக்கவில்லை. தங்களுக்கும் தெரியாது என்றார். லண்டன் தபால் எப்போது வரும் என்று இனிச் சொல்ல முடியாது. செபஸ்தியான் எப்படி இருக்கிறார் என்று விசாரித்தார். நான் படியிறங்கும்போது, "போலந்தும் ஜெர்மனியும் சந்திக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது, அதை ஆடினார்களா என்று தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள்" என்றார்.

கடைசியில் செய்தி ராத்தாவின் மாப்பிள்ளை வழியாக வந்தது. சண்டையில் சேராத சுவீடன் கப்பல் ஒன்று துறைமுகத்தில் நின்றது. மரக்கறி கொண்டுபோனவர் அங்கே கிடந்த பழைய பத்திரிகைகளைக் கேட்டு வாங்கி வந்திருக்கிறார். எல்லாம் கெடு முடிகிற வாரம். ராத்தா சுவருக்கு மேலால் முழுக் கட்டையும் போட்டார்.

"எங்கட அவருக்கு இதுல ஒரு எழுத்தும் வெளங்கல்ல. ஒங்களுக்கு வெளங்குமா பாருங்க தங்கச்சி."

எனக்கும் விளங்கவில்லை. ஆனால் அட்டவணை எந்தப் பாஷையிலும் அட்டவணைதான். தேசப் பெயர்களை எழுத்துக் கூட்டினோம். ரொசலின் விரலை வைத்துக்கொண்டு வந்தாள். முதலாவது ஜெர்மனி. இரண்டாவது போலந்து. வித்தியாசம் அரைப் புள்ளி. இரண்டு அணிகளும் சந்திக்க வேண்டிய இடத்தில் புள்ளிகளைச் சரிபாதியாகப் பிரித்துப் போட்டிருந்தது. ஆட உட்காரவே இல்லை, பங்கு போட்டுக்கொண்டார்கள் என்று அவர் சொன்னார்.

"அரைப் புள்ளி" என்றார் பிறகு. பத்திரிகையை மடித்து என்னிடம் கொடுத்துவிட்டு, "யார்ட்டயும் சொல்லிராத. ஜெர்மனி ஜெயிச்சதுன்னு நம்ம வீட்டுல பேசினதா வேண்டாம்" என்றார். துறைமுகத்தில் வேலை, எதிரி தேசம், காலம் அப்படி. வாசகசாலைக்காரரிடம் மட்டும் பிறகு காதோடு சொன்னேன்.

கீழ்ப்பிரிவில் ஐஸ்லாந்து முதலாவதாக வந்திருந்தது. சுவருக்குப் போய்ச் சொன்னேன். ராத்தா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மாலையில் ஒரு கிண்ணம் வட்டிலப்பம், முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவிக்கிற இனிப்பு, வந்தது, எங்கள் எல்லோருக்கும்.

ஜெயித்த அணியில் ஒருவரும் ஊர் திரும்பவில்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது. ஜெயித்தவர்கள், தோற்றவர்கள், இன்னும் எத்தனையோ தேசத்துக்காரர்கள், போன இடத்திலேயே தங்கிவிட்டார்கள். பந்தயத்துக்கு என்று ஒரு பெட்டியோடு போனவர்கள். அங்கே என்ன பாஷை பேசினார்கள், என்ன வேலை செய்தார்கள், யாருக்குக் கடுதாசி எழுதினார்கள் என்று அவர் அடிக்கடி கேட்பார். எனக்கு எப்படித் தெரியும்?

6

முடிவு தெரிந்த மறுநாள் நான் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தேன். "டோர்னமெண்ட் முடிஞ்சிட்டு. சொல்லுங்க" என்றேன்.

அவர் அப்போதுதான் சொன்னார். "நெட்ட நேரா நடந்து கப்பலேறி வந்தவன் பிலோமி நான். ரெண்டு பேர் தூக்கி இறக்க, எங்க அய்யா முன்னால, அந்தக் கரையில நான் கிடக்க மாட்டேன். நீ வேணா ரொசலினக் கூட்டிட்டுப் போ."

"நான் போனா உங்கள யார் தூக்குவா?"

"அதான் நானும் யோசிக்கேன்."

கெடு கடந்தது. யாரும் கையெழுத்துப் போடவில்லை. பாதி ஆட்டத்தில் நின்ற பலகையை நான்தான் மடக்கிப் பெட்டிக்குள் வைத்தேன்.

டாக்டர்மார் பார்க்க வந்தார்கள். அதற்குள் துறைமுகம் கப்பல்களால் நிறைந்து, பழுது பார்க்க ஆள் போதவில்லை. வேலைக்கு ஆகாது என்று எழுதவேண்டிய காலை, உட்கார்ந்து செய்கிற வேலைக்கு ஆகும் என்று எழுதினார்கள். பட்டறையின் கருவி அறையில் ஒரு முக்காலி கொடுத்தார்கள். மாதா கோயிலில் மெழுகுதிரி கொளுத்தினேன். கொஞ்ச நாளில், துறைமுக வேலைக்காரர் யாரும் சண்டை முடியும்வரை தீவை விட்டுப் போகக்கூடாது என்று உத்தரவு வந்தது. கொழும்பில் குண்டு விழுந்தபோது ஊர்க்காரர்கள் பலர் கிடைத்த வண்டியில் ஓடினார்கள். எங்களால் முடியவில்லை. பிறகு படகுக்கு அனுமதிச் சீட்டு, அனுமதிக்கு இன்னொரு அனுமதி. அந்தோணி படிப்பை முடித்தான், நூல் மில்லில் சேர்ந்தான், பெண் பார்த்தான். எல்லாம் கடுதாசியில்.

சரி, கலியாண விஷயத்துக்கு வருகிறேன். கோட்டையில் இருந்து வந்த அன்று மாலை நாங்கள் மறுபடியும் மூன்று பேராகப் பேசினோம். நான் போய், திரும்ப விடாவிட்டால், கோல் ஊன்றி நடக்கிற மனுஷரை இங்கே யார் பார்ப்பார்கள்? அவரும் வந்தால் அந்த முக்காலி வேலை போய்விடும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்தோம்.

ரொசலின்தான், "நான் போறன்" என்றாள். "நான் இஞ்ச பிறந்தனான். என்ட பிறப்புச் சர்டிபிகேட் இருக்கு. என்னத் திரும்ப விடாம இருக்கேலாது."

வரமாட்டேன் என்று கதவில் சாய்ந்து நின்றவள். இப்போது ஓர் ஆபீஸில் டைப் அடிக்கிறாள். மூன்று பாஷையில் கனவு காண்பவள். எங்கள் ஊரில் அவள் வாயைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். மடத்துச் சிஸ்டர்மார் இரண்டு பேர் அதே ரயிலில் மதுரைக்குப் போகிறார்கள், அவர்களோடு ஏற்பாடு செய்தோம். மாப்பிள்ளையின் தாய் நிற்க வேண்டிய இடத்தில் அவள் நிற்பாள்.

நேற்று மாலை கோட்டை ஸ்டேஷனில் தலைமன்னார் ரயிலில் அவளை ஏற்றிவிட்டோம். பெட்டிக்குள் சேலை, தாலிக்கான பொன், ராத்தா கொடுத்த மஸ்கட் இனிப்புப் பெட்டி. ஜன்னலுக்கு வெளியே நான், எனக்குப் பக்கத்தில் கோலோடு அவர். தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கும்போது அண்ணன் வந்து நிற்பான் என்று பத்தாவது தடவையாகச் சொன்னேன்.

"அண்ணாவ எப்பிடியம்மா அடையாளம் பிடிக்கிறது?" என்று கேட்டாள் ரொசலின். அவன் அனுப்பிய ஒரே படம் மில்லுக்காரர்கள் கூட்டமாக எடுத்தது, முகம் கடுகளவு.

நான் சொன்னேன். வலது புருவத்துக்கு மேலே ஒரு தழும்பு. முன்பல் இரண்டும் கொஞ்சம் விலகியிருக்கும். சிரிக்கும்போது தோளைக் குறுக்குவான். என் காதளவு உயரம்.

ரயில் நகர்ந்தது. அவர் என் பக்கம் திரும்பாமலே மெதுவாகச் சொன்னார்: "பிலோமி, அது பன்னெண்டு வயசுல."